நள்ளிரவில் தோன்றுவதை நம்பாதீர்கள்

இரவெல்லாம் அலைந்துவிட்டு என்னிடம் சிகிச்சைக்கு வந்தவர்களில், இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். எதிரே உட்கார்ந்ததும் செல்போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். முந்தைய இரவு பதினொரு மணியிலிருந்து மூன்று மணிக்குள் 19,000 அடிகள் நடந்திருக்கிறார். "எங்கே போனீங்க?" என்றேன். "எங்கேயும் இல்ல டாக்டர். வீட்டுல இருப்புக் கொள்ளல. நாலு பேரைப் பார்த்தா சரியாகும்னு கிளம்பினேன். பார்க்கப் பார்க்க இன்னும் மோசமாச்சு."

நாலு பேரைப் பார்த்தால் தனிமை போய்விடும் என்ற இந்த நினைப்பைப் பல வருடங்களாக மறுத்து வருகிறேன். தனிமை தலைகளை எண்ணிப் பார்த்து வருவதில்லை. நமக்கு வேண்டிய நெருக்கத்துக்கும் கிடைக்கிற நெருக்கத்துக்கும் நடுவில் விழுகிற பள்ளம் அது. ஒற்றை அறையில் நிம்மதியாக வாழ்பவர்கள் உண்டு. பத்து பேர் இருக்கிற வீட்டில் பேச ஆளில்லாமல் தவிப்பவர்களும் உண்டு. உலக சுகாதார அமைப்பு 2025-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறில் ஒருவருக்குத் தனிமை உணர்வு இருப்பதாகச் சொல்கிறது. வயதானவர்களைவிட இளைஞர்களிடம்தான் அது அதிகம். சுற்றிலும் ஆள் இருக்கிற வயதுதானே அது?

தனிமையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் ஜான் கசியோப்போ, பசி, தாகம் போல இதுவும் உடல் கொடுக்கிற எச்சரிக்கை என்றார். சரி, பசியோடு இருப்பவர் அடுத்த மேசையில் சாப்பிடுவதை வேடிக்கை பார்த்தால் பசி அடங்குமா? கூட்டத்துக்குள் தனியாக நிற்பதும் அப்படித்தான். போதாக்குறைக்கு, தனிமையில் இருக்கிற மனம் சாதாரண முகத்தையும் நம்மை ஒதுக்குகிற முகமாகவே பார்க்கும். இரவு ஒரு மணிக்கு அனுப்பிய செய்திக்குப் பதில் வராவிட்டால், நண்பர் தூங்குகிறார் என்று தோன்றாது. நான் யாருக்கும் வேண்டாம் என்றுதான் தோன்றும்.

தூங்க வேண்டிய நேரத்தில் விழித்திருக்கும் மூளை எதையும் இருட்டாகத்தான் பார்க்கும். மது குடித்திருந்தால், போதை இறங்க இறங்கப் படபடப்பு ஏறும். மாலையில் குடித்த காபியும் அப்போது உடம்பில் மிச்சம் இருக்கும்.

இன்னொரு விஷயம். புதிதாக ஏதாவது மாத்திரை தொடங்கிய பிறகு, கால்களை ஒரு இடத்தில் வைக்க முடியாத தவிப்பு வந்ததா? சில மனநல மருந்துகளும் சில வாந்தி மருந்துகளும் இப்படிச் செய்யும். அதை மனக்கவலை என்று நினைத்து மாதக்கணக்கில் நடந்து தீர்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்களாக மருந்தை நிறுத்தாமல், உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வெளியே போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. போங்கள். ஆனால் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதைக் கிளம்பும்போதே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். போனில் சார்ஜ் இருக்கட்டும். மனம் கொதிக்கும்போது வண்டியை எடுக்காதீர்கள். பிரிந்து போனவருக்கு நீளமான கடிதமா, ராஜினாமாவா? எழுதுங்கள், ஆனால் அனுப்பாதீர்கள். காலையில் சாப்பிட்ட பிறகு படித்துப் பாருங்கள். அப்புறம் பகலில், உங்களை உண்மையிலேயே தெரிந்த ஒரே ஒருவரைக் கூப்பிடுங்கள். நூறு பேர் வேண்டாம்.

ஒன்றுக்கு மட்டும் காலைவரை காத்திருக்காதீர்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிடமே யாரையாவது எழுப்புங்கள், உதவி எண்ணை அழையுங்கள், அல்லது அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தொந்தரவு கொடுக்கிறோமே என்று தயவுசெய்து யோசிக்காதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நேரம் கெட்ட நேரத்தில் வந்தவருக்குக் கதவைத் திறந்ததுமே "எங்க ஊர் சுத்திட்டு வர்றே?" என்று கேட்காதீர்கள். சாப்பிட்டாயா என்று கேட்டு, படுக்கச் சொல்லுங்கள். மற்றதைக் காலையில் பேசிக்கொள்ளலாம்.