செல்ஃப் மோட்டாரில் கை வைக்கும் முன் எர்த்தைக் கழற்றுங்கள்

மாருதி ஆம்னியின் உற்பத்தி 2019-இல் நின்றுவிட்டாலும், ஆட்களையும் சரக்குகளையும் ஏற்றிக்கொண்டு அந்த வேன்கள் நம் ஊர்களில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றின் செல்ஃப் மோட்டாரில், அதாவது சாவியைத் திருப்பியதும் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் மோட்டாரில், சுழலும் பகுதியோடு உரசி மின்சாரம் கொடுக்கும் கார்பன் தேய்ந்துபோவது வயதுக்குரிய கோளாறு. கைவேலை தெரிந்தவர்கள் அதை வீட்டிலேயே மாற்றிக்கொள்வதில் ஆட்டோ எலக்ட்ரீஷியனான எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. ஆனால் வீட்டில் கழற்றப்பட்டுப் பாதி வேலையில் பட்டறைக்கு வரும் வண்டிகளைப் பார்க்கும்போது, பலரும் கார்பனைப் பற்றி யோசித்த அளவுக்கு மோட்டாருக்கு வரும் தடித்த கேபிளைப் பற்றி யோசிக்கவில்லை என்பது தெரிகிறது.

விளக்கு, ஹாரன், வைப்பர் ஆகிய எல்லாவற்றுக்கும் வழியில் ஃபியூஸ் இருக்கிறது; பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குச் செல்லும் இந்தக் கேபிளுக்கு மட்டும் பழைய வண்டிகளில் ஃபியூஸ் கிடையாது. எஞ்சினைச் சுழற்றும்போது நூறு ஆம்பியருக்கும் மேல் மின்னோட்டம் இதில் பாயும் என்பதால் அப்படி அமைத்திருக்கிறார்கள். சாவி அணைந்திருந்தாலும் கேபிளின் முனையில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். அந்த நட்டைத் தளர்த்தும் ஸ்பேனரின் மறுமுனை எஞ்சினிலோ பாடியிலோ பட்டுவிட்டால், தடுப்பதற்கு எதுவும் இல்லாமல் பேட்டரியின் முழு வலுவும் அந்த இரும்பின் வழியே பாய்ந்து, நொடிகளில் அதைப் பழுக்கச் செய்துவிடும். மோதிரமோ உலோகப் பட்டை வைத்த கடிகாரமோ இடையில் சிக்கினால் விரலும் மணிக்கட்டும் வெந்துவிடும். ஆகவே அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு, முதல் வேலையாகப் பேட்டரியின் நெகட்டிவ் முனையை, அதாவது எர்த்தை, நீக்கிவிட வேண்டும். பாசிட்டிவை முதலில் கழற்றினால், அந்த ஸ்பேனரே பாடியில் பட்டு ஷார்ட் ஆகக்கூடும்.

எர்த்தை நீக்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய சோதனையும் உண்டு. ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். சாவியைத் திருப்பியதும் கடகடவென்று தொடர்ந்து ஒலி வந்தால், பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது முனைகள் தளர்ந்தோ பாசி பிடித்தோ இருக்கின்றன என்று கொள்ளலாம். ஒரே ஒரு 'டிக்' கேட்டு, அப்போது வோல்டேஜும் பெரிதாக இறங்காமல் நின்றால், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சுவிட்சான சொலினாய்டின் உள்தொடர்பையோ கார்பனையோ சந்தேகிக்கலாம். மோட்டார் மட்டும் வெறுமனே சுழன்று எஞ்சின் அசையாவிட்டால் கோளாறு பினியன் பக்கத்தில், அதாவது மோட்டாரின் சுழற்சியை எஞ்சினுக்குக் கொடுக்கும் சிறு பல்சக்கரத்தின் பக்கத்தில். கார்பனை மாற்றிப் பயன் இல்லை.

ஸ்குரூடிரைவரை சொலினாய்டின் இரு முனைகளிலும் குறுக்கே வைத்து வண்டியைக் கிளப்பும் பழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக இருக்கிறது. தொழில் கற்றவர்களும் செய்கிறார்கள் என்பதால் அது சரியாகிவிடாது. அப்படி நேரடியாகக் கொடுக்கும்போது வண்டி கியரில் இருந்தால், எதிரே நிற்பவர் மீதோ அடியில் படுத்திருப்பவர் மீதோ ஏறிவிடும். தீப்பொறியும் பறக்கும். எல்.பி.ஜி. பொருத்திய ஆம்னிகளில் அபாயம் இன்னும் அதிகம். அந்த வாயு காற்றைவிடக் கனமானது என்பதால், கசிந்தால் கீழேயே தேங்கி நிற்கும். வாயுவோ பெட்ரோலோ மணத்தால், அன்றைக்குச் செல்ஃப் வேலையைத் தொடவே கூடாது.

ஆம்னியின் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருப்பதால் இடம் நெருக்கமானது. வண்டி நன்றாக ஆறிய பிறகே கையை நுழைக்க வேண்டும். வண்டியைத் தூக்க வேண்டியிருந்தால், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காமல், சமதரையில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்த வேண்டும். செங்கல் அடுக்கு பாரம் தாங்காமல் நொறுங்கும். அதை நம்பவே கூடாது. மோட்டாரின் கடைசி போல்ட் கழலும்போது அதன் எடை முழுவதும் கையில் இறங்கும் என்பதால், முகத்துக்கு நேர்மேலே வைத்துக் கழற்றாதீர்கள்.

மோட்டாரைத் திறந்தபின் கார்பனோடு அதன் ஸ்பிரிங்கையும் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் புதுக் கார்பனும் சரியாக அழுந்தாது. கார்பன் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரை மெல்லிய உப்புத்தாளால் துடைக்கலாம். எமரித் தாளின் துகள் மின்சாரத்தைக் கடத்தக்கூடும் என்பதால் அது வேண்டாம். கார்பன் தூளை வாயால் ஊதாமல், முகக்கவசம் அணிந்து துடைத்தெடுப்பது நல்லது. பினியன் கிளட்சைப் பெட்ரோலில் ஊறவைத்தால் உள்ளிருக்கும் கிரீஸ் கரைந்து, நன்றாக இருந்த பாகமும் கெட்டுவிடும். கார்பனின் பின்னல் கம்பியைச் சிறிய சால்டரிங் அயர்னால் அரைகுறையாகப் பற்றவைத்தால் மோட்டார் சூட்டிலேயே அது கழன்றுவிடுவதுண்டு. அந்த ஒரு வேலையைப் பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்வதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

திரும்பப் பூட்டும்போது கேபிள் முனையின் ரப்பர் மூடியை மறக்காமல் போட்டு, எர்த்தைக் கடைசியாக இணைக்க வேண்டும். கியர் நியூட்ரலில், கைப்பிரேக் போட்ட நிலையில், ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்துதான் முதல் முறை சாவியைத் திருப்ப வேண்டும். ஒரே மூச்சில் பத்து நொடிக்கு மேல் சுழற்றக் கூடாது. சாவியை விட்ட பிறகும் மோட்டார் சுழன்றுகொண்டே இருந்தால், சொலினாய்டின் தொடர்பு ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்போது எர்த்தை உடனே பிடுங்க வேண்டியிருக்கும் என்பதால், அதற்குரிய ஸ்பேனரோடு பேட்டரியருகே இன்னொருவரை நிறுத்திவிட்டுத்தான் அந்த முதல் சோதனையைச் செய்ய வேண்டும்.