நடுங்கும் தராசு

“ஒரு பாக்டீரியாவின் எடை ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்று எழுதுகிறீர்களே, அதை எந்தத் தராசில் வைத்துப் பார்த்தார்கள்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கேள்வியில் கொஞ்சம் கிண்டல் தெரிகிறது. ஆனால் நியாயமான கேள்விதான். இப்படிப்பட்ட எண்களைப் பாடப்புத்தகத்தில் படித்து, மனப்பாடம் செய்து, தேர்வும் எழுதிவிடுகிறோம். யார் அளந்தார்கள், எப்படி அளந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

உண்மையைச் சொன்னால், நீண்ட காலம் அதை யாரும் எடை போடவே இல்லை. நுண்ணோக்கியில் நீளமும் தடிமனும் பார்த்துக் கன அளவைக் கணக்கிட்டு அடர்த்தியால் பெருக்கினார்கள். இல்லாவிட்டால் கோடிக்கணக்கான செல்களை மொத்தமாக நிறுத்து எண்ணிக்கையால் வகுத்தார்கள். இரண்டிலும் சராசரி கிடைக்கும். இந்த ஒரு செல், இந்த நிமிடத்தில், எவ்வளவு? அதற்கு வழியில்லை. ஆய்வகங்களில் உள்ள மிக நுட்பமான தட்டுத் தராசுகூட மைக்ரோகிராமுக்குச் சற்றுக் கீழே போவதோடு நின்றுவிடும். பாக்டீரியா அதற்கும் பத்து லட்சம் மடங்கு கீழே இருக்கிறது.

அதனால் புவியீர்ப்பை நம்புவதையே விட்டுவிட்டார்கள். ஒரு ஸ்கேலை மேசை விளிம்பில் பாதி வெளியே நீட்டி அழுத்திப் பிடித்து நுனியைத் தட்டினால் டர்ரென்று அதிரும். நுனியில் ஓர் அழிரப்பரை ஒட்டிவிட்டுத் தட்டினால் அதிர்வு மந்தமாகும். ரப்பர் எவ்வளவு கனமோ அவ்வளவு மந்தம். இங்கே பூமி இழுப்பது முக்கியமே இல்லை. அசைய மறுக்கும் நிலைமம்தான் வேலை செய்கிறது. ஆகவே எடையே இல்லாத விண்வெளியிலும் இந்த முறை செல்லும். 1973இல் ஏவப்பட்ட ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தில் வீரர்கள் ஸ்பிரிங் பொருத்திய நாற்காலியில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடித்தான் தங்கள் உடல் நிறையை அளந்துகொண்டார்கள்.

பள்ளிக் கணக்கு நினைவிருக்கும்: அதிர்வெண் நிறையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். எனவே அதிர்கிற பொருளின் நிறை பத்து லட்சத்தில் இரண்டு பங்கு கூடினால் அதிர்வெண் பத்து லட்சத்தில் ஒரு பங்கு குறையும். இவ்வளவு சின்ன மாற்றத்தைக் கண்டுபிடிக்க முடியுமா என்றால், முடியும். ஏனென்றால் அதிர்வெண்ணை அளப்பது என்பது எண்ணுவது. மனிதன் அளக்கக் கற்றுக்கொண்டவற்றிலேயே மிகத் துல்லியமாக அளப்பது நேரத்தைத்தான். விசையை அளக்கும் கலையில் தடுமாறுகிறவர்கள், நேரத்தை அளக்கும் கலையைக் கடன் வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இதை முதலில் பயன்படும் கருவியாக்கியது குவார்ட்ஸ் படிகம். அழுத்தினால் மின்னழுத்தம் தரும், மின்னழுத்தம் கொடுத்தால் நெளியும் என்ற அதன் குணத்தை அறிந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அழுத்தினால் மின்சாரம் வருவதைக் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டார்கள். 1959இல் ஜெர்மானிய இயற்பியலாளர் குந்தர் சவர்பிரே, படிகத்தின் மேல் படியும் மெல்லிய படலத்தின் நிறைக்கும் அதிர்வெண் குறைவதற்கும் உள்ள நேர்விகிதத்தைச் சமன்பாடாக்கினார். விநாடிக்கு 50 லட்சம் தடவை அதிரும் ஒரு படிகத்தின் மேல் சதுர சென்டிமீட்டருக்கு 17.7 நானோகிராம் படிந்தால் அதிர்வெண் ஒரு ஹெர்ட்ஸ் குறையும். உலோகப் படலம் பூசும் தொழிலில் இது இன்று அன்றாடக் கருவி. காற்றிலுள்ள தூசியை அளக்கும் சில நிலையங்களில் இதே தத்துவம் வேறு உருவில் இருக்கிறது: நுனியில் வடிகட்டி பொருத்திய கூம்பு வடிவக் கண்ணாடிக் குழாய் ஒன்று அதிர்ந்துகொண்டே காற்றை உறிஞ்சும்; தூசி சேரச் சேர அதிர்வு இறங்கும். சுர்யுமோவ்-கெராசிமென்கோ வால்நட்சத்திரத்துக்குப் போன ரோசெட்டா விண்கலமும் அங்குள்ள தூசியை நிறுக்க ஐந்து குவார்ட்ஸ் நுண்தராசுகளைச் சுமந்து சென்றது.

ஆனால் இவையெல்லாம் கூட்டத்தை நிறுப்பவை. தனித் துகள் ஒன்றை நிறுக்க வேண்டுமானால் தராசே துகளின் அளவை நோக்கிச் சுருங்க வேண்டும். எது எவ்வளவு கூடியது என்பதல்ல, மொத்தத்தில் எத்தனை பங்கு கூடியது என்பதுதான் அதிர்வெண்ணில் தெரியும். ஆகவே அந்த மேசை விளிம்பு ஸ்கேலைப் போல ஒரு முனை மட்டும் பிடிபட்டு மறுமுனை நீட்டியிருக்கும், முடியை விட மெல்லிய நீட்டுப்பலகைகளைச் சிலிக்கானில் செதுக்கினார்கள். கணினிச் சில்லு செய்யும் அதே தொழில்நுட்பம்.

இங்கேதான் சிக்கல். உயிருள்ள செல் தண்ணீரில் இருக்க வேண்டும். வெற்றிடத்தில் ஆயிரக்கணக்கான தடவை தானாகத் துள்ளக்கூடிய ஒரு பலகை, தண்ணீரில் சில துள்ளல்களிலேயே அடங்கிவிடும். தண்ணீரின் பிசுபிசுப்பு அதன் ஆற்றலை உறிஞ்சிக்கொள்கிறது. சீக்கிரம் அடங்கும் அதிர்வின் அதிர்வெண்ணைத் துல்லியமாகச் சொல்ல முடியாது, எண்ணுவதற்கே போதிய துள்ளல்கள் கிடையாது. போதாக்குறைக்குப் பலகை தன்னோடு சேர்ந்து அசையும் தண்ணீரின் நிறையையும் சுமக்கிறது. செல்லைக் காயவைத்து வெற்றிடத்தில் நிறுக்கலாம். பிணத்தை நிறுத்து என்ன பயன்?

2007இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஸ்காட் மனாலிஸின் குழு, தாமஸ் பர்க்கை முதல் ஆசிரியராகக் கொண்டு நேச்சர் இதழில் வெளியிட்ட தீர்வை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது ஏன் யாருக்கும் முன்பே தோன்றவில்லை என்ற சிரிப்பு. பலகையைத் தண்ணீருக்குள் வைக்காமல், தண்ணீரைப் பலகைக்குள் வைத்துவிட்டார்கள்.

பலகை உள்ளே கூடாக இருக்கிறது. அடியிலிருந்து நுனி வரை போய் அங்கே வளைந்து திரும்பி வரும் ஒரு நுண்கால்வாய் அதற்குள் ஓடுகிறது. கால்வாய்க்குள் திரவம், அதில் மிதந்து வரும் செல். பலகையைச் சுற்றி வெளியே வெற்றிடம். வெளியிலிருந்து பார்த்தால் அது வெற்றிடத்தில் துள்ளும் காய்ந்த சிலிக்கான் துண்டு. தனக்குள் ஈரம் இருப்பதே அதற்குத் தெரியாது.

அது எப்படித் தெரியாமல் போகும்? தண்ணீர் ஆற்றலை உறிஞ்சுவது, அதன் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும்போதுதான். திறந்த தண்ணீரில் பலகை அசைந்தால் அருகிலுள்ள நீர் நகரும், தூரத்து நீர் நகராது, நடுவில் உராய்வு. ஆனால் சில மைக்ரான் அகலக் கால்வாயில் நாலாபுறமும் சுவரால் அடைபட்ட நீருக்கு வேறு வழியில்லை. சுவர் மேலே போனால் அதுவும் மேலே, கீழே வந்தால் அதுவும் கீழே. கிட்டத்தட்டத் திடப்பொருள் போல உடன் ஆடுகிறது. உள்ளே காற்று இருந்தாலும் தண்ணீர் இருந்தாலும் அதிர்வு அடங்கும் வேகம் பெரிதாக மாறவில்லை. அப்புறம் அதே குழுவினர், கோட்பாட்டாளர் ஜான் சேடருடன் சேர்ந்து 2009இல் இன்னொரு விநோதத்தைக் காட்டினார்கள்: உள்ளிருக்கும் திரவத்தின் பிசுபிசுப்பைக் கூட்டிக்கொண்டே போனால் ஆற்றல் இழப்பு கூடிக்கொண்டே போவதில்லை, ஏறுகிறது, இறங்குகிறது. சில இடங்களில் கொழகொழப்பான திரவம் தண்ணீரை விடக் குறைவாக அதிர்வைத் தணிக்கிறது. ‘இதனால் என்ன பயன்’ என்று விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே கேட்கும் நிதிக்குழுக்கள் இப்படி ஒரு கேள்விக்குப் பணம் தருமா என்று எனக்குச் சந்தேகம். கியூரி சகோதரர்களின் படிகமும் அந்தக் கேள்வியில் தேறியிருக்காது.

சரி, அளவீட்டுக்கு வருவோம். பலகை 200 மைக்ரான் நீளம், ஏறத்தாழ 100 நானோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கம் அசைவதே இல்லை என்பதால் அதிர்வில் கணக்கில் வருவது கால்வாசி, 25 நானோகிராம்தான். விநாடிக்கு 2,00,000 துள்ளல். கால்வாயில் ஒரு பாக்டீரியா நுழைகிறது. அடிப்பக்கத்தில் இருக்கும்வரை எந்த மாற்றமும் இல்லை. நுனியை நெருங்க நெருங்க அதிர்வெண் சரிகிறது, வளைவில் மிகக் கீழே போகிறது, திரும்பும்போது மறுபடி ஏறிப் பழைய இடத்துக்கு வருகிறது. வரைபடத்தில் ஒரு சின்னப் பள்ளம். பள்ளத்தின் ஆழம்தான் நிறை. பலகையில் துகள் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் நிறையைச் சொல்ல முடியாது என்பது இந்தத் துறையின் பழைய தலைவலி. இங்கே ஒவ்வொரு துகளும் தானாகவே நுனிக்குப் போய், ‘இதோ இங்கே இருக்கிறேன்’ என்று காட்டிவிட்டு வருகிறது.

எவ்வளவு ஆழம்? 2,00,000 என்பது 1,99,999.6 ஆகும். நம் வாசகர் சொன்ன எடைக்கு இன்னும் அதிகமாகக் குறைந்திருக்க வேண்டுமே என்று கணக்குப் போட்டவர்கள் கேட்கலாம். சரியான கேள்வி. கால்வாய் முன்பே நிரம்பியிருக்கிறது. செல் உள்ளே வரும்போது தன் கன அளவுக்குத் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டுத்தான் வருகிறது. பலகைக்குத் தெரிவது செல்லுக்கும் அது இடம்பெயர்த்த நீருக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. ஆர்க்கிமிடிஸ் கணக்கேதான். பாக்டீரியா தண்ணீரை விடக் கொஞ்சமே அடர்த்தியானது என்பதால் மொத்த நிறையில் பத்தில் ஒரு பங்கு அளவு, சுமார் 100 ஃபெம்டோகிராம் மட்டும் தெரியும் (ஒரு ஃபெம்டோகிராம் என்பது நம் பாக்டீரியாவின் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அந்த 2007ஆம் ஆண்டுக் கருவியின் நுணுக்கம் ஒரு ஃபெம்டோகிராமுக்கும் கீழே.

இதைக் குறை என்று நினைக்க வேண்டாம். ஒரே செல்லை ஒருமுறை தண்ணீரிலும் மறுமுறை அதைவிட அடர்த்தியான திரவத்திலும் நிறுத்தால் இரண்டு சமன்பாடுகள் கிடைக்கும். நிறை, கன அளவு, அடர்த்தி மூன்றும் வந்துவிடும். இன்னொரு பயன் மருந்துத் தொழிலில். ஊசியில் அடைத்து வரும் புரத மருந்துகளில் புரதம் கட்டிகட்டியாகத் திரண்டால் ஆபத்து. ஊசிக்குழாயில் வழுக்குவதற்காகத் தடவிய சிலிக்கோன் எண்ணெய்த் துளிகளும் மருந்தில் கலந்திருக்கும். நுண்ணோக்கியில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். நடுங்கும் தராசுக்கு இது ஒரு விஷயமே இல்லை. புரதக்கட்டி நீரை விடக் கனம், அதிர்வெண் இறங்கும். எண்ணெய்த் துளி நீரை விட லேசு, அது வரும்போது அதிர்வெண் ஏறும்!

திரவத்தை முன்னும் பின்னும் ஓட்டி ஒரே செல்லைத் திரும்பத் திரும்ப நிறுக்கலாம். அப்படித்தான் 2010இல் பாக்டீரியா, ஈஸ்ட், எலியின் ரத்த செல் ஆகியவற்றின் வளர்ச்சியை நேரடியாகப் பார்த்தார்கள். கனமான செல்கள் லேசானவற்றை விட வேகமாக எடை கூடுவது தெரிந்தது.

திரும்பத் திரும்ப நிறுப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. உயிர் பிரியும்போது 21 கிராம் குறைகிறது என்ற கதையை இன்றும் பரப்புகிறார்கள். அதன் மூலம், அமெரிக்க மருத்துவர் டங்கன் மெக்டூகல் 1907இல் வெளியிட்ட ஆய்வு. நிறுத்தது ஆறே பேரை. அதிலும் 21 கிராம் வந்தது ஒருவருக்கு மட்டும். மற்றவர்களின் எண்கள் அதோடு ஒத்துப்போகவில்லை, இரண்டை அவரே ஒதுக்கிவிட்டார். அவர் பயன்படுத்திய தராசு ஐந்தாறு கிராம் வித்தியாசத்தைத்தான் காட்டக்கூடியது. ஒரு பாக்டீரியாவின் எடையை நம்ப வைக்கவே நூற்றுக்கணக்கான தடவை அளந்து, வெறும் திரவம் ஓடும்போது எண் எவ்வளவு ஆடுகிறது என்றும் காட்ட வேண்டியிருக்கிறது. ஆன்மாவுக்கு மட்டும் ஒரே ஒரு அளவீடு போதுமாம்.

வெற்றிடத்தில் நிறுப்பவர்களும் சும்மா இருக்கவில்லை. அவர்களுக்குத் துகள் பலகையில் எங்கே விழும் என்று தெரியாது. அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ரூக்ஸ் குழு 2012இல் பலகையை ஒரே நேரத்தில் இரண்டு விதங்களில் அதிர வைத்தது. முதல் அதிர்வில் பெரிதாக அசையும் இடம், இரண்டாவதில் அசையாத கணுவாக இருக்கலாம். எனவே துகள் விழும் இடத்தைப் பொறுத்து இரண்டு அதிர்வெண்களும் வெவ்வேறு அளவில் இறங்கும். தெரியாதவை இரண்டு, சமன்பாடுகள் இரண்டு. இப்படித் தனிப் புரத மூலக்கூறுகளையே நிறுத்தார்கள். 2018இல் பிரான்சின் கிரெனோபிள் ஆய்வாளர்கள், பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸின் கூட்டை நிறுத்தார்கள். பத்து கோடி ஹைட்ரஜன் அணுக்களுக்கும் மேலான நிறை. மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் கொடுத்து நிறைவாரியாகப் பிரிக்கும் வழக்கமான கருவிகளான நிறைமாலைமானிகள் திணறும் பகுதி இது. மறுமுனையில், பார்சிலோனாவில் 2012இல் ஒற்றைக் கார்பன் நானோகுழாயை அதிர வைத்து 1.7 யோக்டோகிராம் நுணுக்கத்தை எட்டினார்கள். அது ஏறத்தாழ ஒரு புரோட்டானின் நிறை.

இதற்கும் கீழே போக முடியுமா? கோட்பாட்டின்படி தடையாக இருக்க வேண்டியது, வெப்பத்தால் அணுக்கள் ஓயாமல் ஆடுவதால் வரும் வெப்ப நடுக்கம். ஆனால் 2016இல் கிரெனோபிள் குழுவினர் இப்படி அதிரும் மிகச் சின்னச் சிலிக்கான் துண்டுகளைச் சோதித்தபோது, அதிர்வெண்ணின் தடுமாற்றம் வெப்ப நடுக்கத்தால் வரவேண்டியதை விடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. வெப்பநிலை மாற்றம், மேற்பரப்பில் வந்து ஒட்டிப் போகும் மூலக்கூறுகள் என்று அதுவரை அறிந்த காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். எதுவும் அந்த அளவுக்குப் பொருந்தவில்லை. என்னைக் கேட்டால், அடுத்த நிதியை இன்னும் சின்னப் பலகை செதுக்குவதற்குக் கொடுப்பதை விட, இந்தத் தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கக் கொடுப்பேன்.