சாவிக்கொத்துக் கத்தியும் ஃபெடரல் ஆபீஸ் வாசலும்

அமெரிக்காவில் கிரீன் கார்டுக்குக் கைரேகை கொடுக்கப் போன ஒரு தம்பியின் கதை இது. காலை 8 மணிக்கு அப்பாயின்ட்மென்ட். ஊபரில் போய் இறங்கினான். சாவிக்கொத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு ஸ்விஸ் கத்தி. வாசலில் இருந்த காவலர், “இதோடு உள்ளே விட முடியாது, வெளியே வைத்துவிட்டு வா” என்றார். எங்கே வைப்பது என்று கேட்டதற்கு, அது தன் வேலை இல்லை என்று பதில். லாக்கர் கிடையாது, சொந்தக் கார் கிடையாது. அவன் சாவிக்கொத்தை அப்படியே ஒரு புதர் ஓரமாக வைத்துவிட்டு ஓடினான். கைரேகை கொடுத்தாயிற்று. திரும்பி வந்து பார்த்தால் கத்தியும் இல்லை, வீட்டுச் சாவியும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், நாட்டின் சட்டப்படி அந்தக் கத்தி ஆயுதமே இல்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 18-ஆம் தலைப்பு, 930-ஆம் பிரிவு. 1988-இல் வந்தது. ஃபெடரல் அரசு, அதாவது மத்திய அரசு, அதன் கட்டடத்துக்குள் துப்பாக்கியோ வேறு அபாயகரமான ஆயுதமோ தெரிந்தே கொண்டு போனால் ஓராண்டு வரை சிறை. ஃபெடரல் நீதிமன்றமாக இருந்தால் இரண்டு ஆண்டு வரை. ‘அபாயகரமான ஆயுதம்’ என்பதற்கான விளக்கத்திலேயே ஒரு விலக்கும் இருக்கிறது: அலகு 2.5 அங்குலத்துக்குக் குறைவாக உள்ள பேனாக்கத்தி அதில் சேராது. சென்டிமீட்டரில் 6.35. சரியாக 2.5 இருந்தாலும் விலக்கு இல்லை, அதற்குக் குறைவாக இருக்க வேண்டும்.

இந்த 2.5 அங்குலத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவரும் ஜெயித்ததில்லை. அந்த விலக்கு உங்களை ஜெயிலில் இருந்து காப்பாற்றும், அவ்வளவுதான். உள்ளே விட்டாக வேண்டும் என்று அதில் எங்கும் எழுதவில்லை. எந்தெந்தப் பொருளைத் தடுப்பது என்று ஒவ்வொரு கட்டடத்துக்கும் உள்ள பாதுகாப்புக் குழு தனியாக முடிவு செய்துகொள்ளலாம். எந்தக் கத்தியும் கூடாது என்று அவர்கள் முடிவு செய்திருந்தால் உங்கள் நகவெட்டியோடு ஒட்டிய கத்தியும் கூடாதுதான். வாசலில் நிற்பவர் பெரும்பாலும் ஒப்பந்த செக்யூரிட்டி ஊழியர். அவர் கையில் இருக்கும் பட்டியல்தான் அவருக்குச் சட்டம். செல்போனில் 930-ஆம் பிரிவைத் திறந்து காட்டினால் வரிசையின் கடைசிக்குத்தான் போவீர்கள். கைரேகை நேரத்தைத் தவறவிட்டு, வேறு தேதியும் கேட்காமல் விட்டால் விண்ணப்பத்தையே கைவிட்டதாக எடுத்துக்கொள்ள அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. இருபது டாலர் கத்திக்காகச் சண்டை போடுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அலகை எங்கிருந்து எங்கே அளப்பது என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. கூர்மையான பகுதி மட்டுமா, பிடி வரைக்குமா? நீங்கள் ஒரு மாதிரி அளப்பீர்கள், காவலர் வேறு மாதிரி அளப்பார். 2.4 அங்குலம் என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பிப் போகாதீர்கள். இடுப்பில் மாட்டிக்கொள்கிறார்களே, பல கருவி ஒன்றாக மடங்கும் லெதர்மேன் வேவ், அதன் கத்தி 2.9 அங்குலம். அது வெறும் டூல்தானே என்று சொல்லித் தப்ப முடியாது. மதியச் சாப்பாட்டுப் பையில் ஆப்பிள் நறுக்கப் போட்டு வைத்த சின்னச் சமையலறைக் கத்தியும் அப்படித்தான். அது மடங்காது. மடங்காத கத்தியைப் பேனாக்கத்தி என்று நிரூபிக்கிற பாட்டை ஒரு வக்கீலுக்குக் காசு கொடுத்துத்தான் படவேண்டி வரும்.

இன்னொரு புரளி இணையத்தில் சுற்றுகிறது. ‘வேட்டைக்கோ வேறு சட்டப்படியான காரியத்துக்கோ கொண்டு போனால் குற்றம் இல்லை என்று சட்டத்திலேயே இருக்கிறது, ஆகவே எந்தக் கத்தியும் பரவாயில்லை’ என்பார்கள். அப்படி ஒரு வரி இருப்பது உண்மை. அது நீதிபதி முன்னால் பேசவேண்டிய வாதம். அந்த இடம் வரை போய்விட்டீர்கள் என்றாலே பாதி நாசம் நடந்து முடிந்திருக்கும்.

எது ஃபெடரல் கட்டடம் என்பதிலும் ஏமாறுகிறார்கள். தூண் வைத்த பெரிய மாளிகையாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. வாடகைக்கு எடுத்த பகுதியும் சேரும், அங்கே ஃபெடரல் ஊழியர்கள் வழக்கமாக வேலை பார்த்தால் போதும். பீட்சா கடைக்கும் சலூனுக்கும் நடுவில் இருக்கும், ஓய்வூதியம் கவனிக்கிற சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸும் அதில் அடக்கம். கேம்பிங் போகும் குடும்பங்கள் தேசியப் பூங்காவில் வெள்ளரிக்காய் வெட்டிய கத்தியைப் பையில் போட்டுக்கொண்டே விசிட்டர் சென்டருக்குள் நுழைகிறார்கள். பூங்கா வேறு, அந்தக் கட்டடம் வேறு. வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். ஒட்டியிராத இடத்தில் தண்டனை கொடுக்க முடியாதுதான், ஆனால் தடை இருப்பது உங்களுக்கு நேரடியாகத் தெரிந்திருந்தால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். காவலர் வாயால் சொல்லிவிட்டால் உங்களுக்குத் தெரிந்த கணக்குதான்.

தபால் நிலையம் தனி உலகம். பாஸ்போர்ட் விண்ணப்பம் கொடுக்க நம் ஆட்கள் குடும்பத்தோடு போகிற இடம். அங்கே தபால் துறையின் சொந்த விதி ஒன்று இருக்கிறது: தபால் துறை வளாகத்துக்குள் அபாயகரமான ஆயுதம் எதையும் வெளிப்படையாகவோ மறைத்தோ கொண்டு வரக்கூடாது, வைத்திருக்கவும் கூடாது. 2.5 அங்குலம் என்கிற பேச்சே அந்த விதியில் இல்லை. வளாகம் என்றால் பார்க்கிங்கும் சேர்த்து. ஆகவே ‘காரில் விட்டுவிட்டு வருகிறேன்’ என்ற சமாளிப்பு அங்கே சரிப்படாது.

ஃபெடரல் நீதிமன்றங்கள் தங்கள் கட்டடத்துக்குத் தாங்களே உத்தரவு போட்டுக்கொள்ளலாம். குடியுரிமை உறுதிமொழி விழா பல ஊர்களில் நீதிமன்றத்தில்தான் நடக்கிறது. பட்டுப் புடவை, கோட்டு சூட்டு, கொடி எல்லாம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் கைப்பையின் அடியில் கிடக்கும் பாக்ஸ் கட்டரை மறந்துவிடுகிறார்கள். முந்தின நாள் ராத்திரி பையைத் தலைகீழாகக் கொட்டிப் பாருங்கள்.

மாநில அரசு ஆபீஸ், கவுன்டி (மாவட்டம் மாதிரி) ஆபீஸ், டிரைவிங் லைசன்ஸ் ஆபீஸ் எதற்கும் இந்த ஃபெடரல் கணக்கு பொருந்தாது. கலிஃபோர்னியாவில் மாநில, உள்ளாட்சிக் கட்டடங்களுக்கு 4 அங்குலம் என்று ஒரு வரம்பு. டெக்சாஸில் 5.5 அங்குலத்துக்கு மேற்பட்ட கத்திகளுக்குத்தான் இடக் கட்டுப்பாடு, அதுவும் 2017-இல் சட்டத்தை மாற்றிய பிறகு. டெக்சாஸ் பழக்கத்தில் ஃபெடரல் ஆபீஸுக்குள் நுழைந்து மாட்டிக்கொள்வது சுலபம்.

ஃபெடரல் ஆபீஸிலேயே வேலை பார்ப்பவர்களுக்கு வருகிறேன். அதிகம் அடிபடுவது அவர்கள்தான். குற்றம் என்று வழக்குப் போடாமலே வேலையை எடுக்கலாம். ஆபீஸ் விதியை மீறினாய் என்று சொன்னால் போதும். ஹூஸ்டனில் வருமான வரித் துறையில் கணக்காளராக இருந்த ஒரு சீக்கியப் பெண், மதக் கடமையாக அணிந்த கிர்பான் என்கிற குறுவாளுக்காக 2006-இல் வேலையை இழந்தார். அதன் அலகு 3 அங்குலம். அந்த அரை அங்குலத்துக்கான வழக்கு சமரசத்தில் முடிந்தது 2014-இல்.

அவர் நிரந்தர ஊழியர். நிரந்தர ஊழியரை நீக்கப் பொதுவாக 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், மேல்முறையீடும் உண்டு. ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் நம் ஐடி ஆட்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. ‘இந்த ஆளை மாற்று’ என்று துறை சொன்னால் உங்கள் கம்பெனி அன்றைக்கே பேட்ஜை வாங்கிவிடும். கம்பெனி வேறு பிராஜெக்ட் கொடுக்காமல் வேலையை விட்டே அனுப்பினால், எச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்கு வேறு வேலை தேட அதிகபட்சம் 60 நாள். அதனால், ‘பக்கத்து சீட்டுக்காரர் வைத்திருக்கிறாரே’ என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலைக்கே கத்தி தேவை என்றால், கேபிள் வெட்டுபவர், பார்சல் பிரிப்பவர் போன்றவர்கள், மேலதிகாரியிடம் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். வாயால் சொன்ன ‘ஓகே’ விசாரணை நாளில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

வாசலில் மாட்டிக்கொண்டால்? ஸ்கேன் தட்டில் பையை வைப்பதற்கு முன்பே ஞாபகம் வந்துவிட்டால் பேசாமல் திரும்பி நடங்கள். கொண்டு போக முயற்சி செய்வதும் இந்தச் சட்டத்தில் குற்றம்தான். காவலரே எடுத்துவிட்டால் பொய் சொல்லாதீர்கள், கதையும் அளக்காதீர்கள். கத்தியை விட்டுவிடச் சொன்னால் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் போய் அபராதச் சீட்டு கொடுத்தார்கள் என்றால், கட்டித் தொலைத்துவிடலாம் என்று உடனே கட்டாதீர்கள். குடியுரிமை விண்ணப்பத்தில், எப்போதாவது கைதானீர்களா, சீட்டு வாங்கினீர்களா என்று கேட்பார்கள். அதை மறைத்தால் சீட்டை விடப் பெரிய தலைவலி. கட்டுவதற்கு முன் குடிவரவு வழக்குப் பார்க்கும் வக்கீலிடம் காட்டுங்கள்.

கார் இல்லாமல் போகிறவர்கள் சாவிக்கொத்திலிருந்து கத்தியை மட்டும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். அந்தத் தம்பிக்குப் பூட்டை மாற்றிய செலவு மட்டும் 180 டாலர்.