தேசிய கீதத்தைப் பாடாமல் நிற்பது குற்றமா?

காலை வணக்கக் கூட்டத்தில் தேசிய கீதம் பாடாததற்காகத் தன் மகனை இடைநீக்கம் செய்த கடிதத்துடன் மற்றுமொரு தந்தை கடந்த வாரம் என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தார். இதே விளக்கத்தை இன்னும் எத்தனை கட்சிக்காரர்களுக்குச் சொல்வது என்ற சலிப்பில்தான் இதை எழுதுகிறேன். அந்த மாணவன் மற்றவர்களோடு எழுந்து நின்றிருக்கிறான், எவருக்கும் இடையூறு செய்யவில்லை, பாடவில்லை, அவ்வளவுதான். இதற்கு மூன்றாண்டு சிறை என்று நிர்வாகம் மிரட்டியிருக்கிறது.

அந்த மூன்றாண்டு, 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தில் வருவது. அதன் 3-ஆம் பிரிவைத் தயவுசெய்து ஒருமுறையேனும் முழுமையாகப் படியுங்கள். தேசிய கீதம் பாடப்படுவதை வேண்டுமென்றே தடுப்பவரையும், அதைப் பாடிக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கு இடையூறு விளைவிப்பவரையும் மட்டுமே அது தண்டிக்கிறது. பாடாதவர் அதில் இல்லை. எழுந்து நிற்காதவரும் இல்லை; நிற்காமை அவமரியாதையாகக் கருதப்படலாம், ஆனால் அது மட்டுமே இப்பிரிவின்கீழ்க் குற்றமாகாது என்று ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம் 2021-இல் கூறியது. பாடாத மாணவர்களைப் பற்றிய கேள்விக்கோ உச்ச நீதிமன்றம் 1986-லேயே விடை தந்துவிட்டது. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், நம்பிக்கை காரணமாகப் பாடாமல் மரியாதையுடன் நின்றதற்காகக் கேரளப் பள்ளியொன்றிலிருந்து வெளியேற்றப்பட்டபோது, பாடியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் இல்லை எனக் கூறி அவர்களை மீண்டும் சேர்க்க உத்தரவிட்டது. பிஜோய் இம்மானுவேல் வழக்கு என்ற அதைச் சட்டக் கல்லூரியில் படிக்காதவர் இல்லை. பள்ளிகளுக்கு மட்டும் அது எட்டவேயில்லை.

அப்படியானால் குடிமக்களிடம் மரியாதையை எதிர்பார்க்கவே கூடாதா என்று கேட்பார்கள். தாராளமாக எதிர்பார்க்கலாம். கொடியையும் கீதத்தையும் மதிப்பதை அடிப்படைக் கடமைகளுள் முதலாவதாக, 1976-இல் அரசமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 51ஏ பிரிவு குறிப்பிடுகிறது. ஆனால் அதை மீறினால் தண்டனை என்று அது எங்கும் கூறவில்லை. மேலும், தேசியக் கொடியை ஏற்றுவது கருத்துரிமையின் பாற்பட்டது என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தன் விருப்பத்தின் வெளிப்பாடு என்பதால்தானே அந்தச் செயலுக்கு உரிமை என்ற தகுதி கிடைத்தது? அடிக்குப் பயந்து நிற்பவனிடமிருந்து கிடைப்பதை மரியாதைக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

திரையரங்குகளில் கீதம் இசைப்பது 2018 ஜனவரி முதல் கட்டாயமில்லை. இசைத்தால் எழுந்து நிற்க வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு உண்டு. முன்வரிசையில் அமர்ந்திருப்பவரால் எழ முடியுமா என்பது பின்வரிசைக்காரருக்கு எப்படித் தெரியும்? ஆகவே எவர்மீதும் கை வைக்காதீர்கள். வைத்தால் குற்றவாளிக் கூண்டில் நிற்கப்போவது நீங்கள்தான்.

மரியாதையைக் காட்டியே தீர வேண்டும் என்ற வேகம் இருந்தால், சுதந்திர தினத்துக்கு மறுநாள் தெருவில் கிடக்கும் காகிதக் கொடிகளைப் பொறுக்குங்கள். அவற்றைத் தரையில் வீசக் கூடாது என்பது கொடி விதிகளிலேயே இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். நடவடிக்கை எதுவாயினும் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெறுங்கள். பிள்ளையைக் கடிந்து மன்னிப்புக் கடிதம் எழுத வைக்காதீர்கள். அவசரப்பட்டு மாற்றுச் சான்றிதழில் கையெழுத்திட்டுவிடாதீர்கள், ஏனெனில் மாணவர் தாமாகவே விலகினார் என்று பதிவாகிவிட்டால் எங்கள் வேலை இரட்டிப்பாகிவிடும்.