மொன்சாவின் சாய்ந்த வளைவு

பொருட்காட்சி மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் சுவரில் ஒட்டிக்கொண்டு ஓடுமே, அந்த வித்தையில் பாதியைத்தான் இத்தாலியின் மொன்சா பந்தயத் தடத்தில் கான்கிரீட்டில் கட்டிவைத்தார்கள். மிலானுக்கு அருகே அரச பூங்காவுக்குள் 1922-இல் 110 நாட்களில் எழுந்த தடம் அது. அதிலிருந்த பழைய சாய்ந்த வளைவுகள் தாழ்வானவை, 1939-இல் இடித்துவிட்டார்கள். இன்றும் நிற்பவை 1955-இல் கட்டியவை: சுமார் 320 மீட்டர் ஆரம், மேல்விளிம்பில் ஏறத்தாழ 38 பாகைச் சாய்வு. நடந்து ஏறப் பார்த்தால் கையையும் ஊன்ற வேண்டிவரும்.

கணக்கு இதுதான். 250 கி.மீ. வேகத்தில் இந்த வளைவில் திரும்பும் காரை உட்பக்கம் இழுக்க, அதன் எடையைப் போல் ஒன்றரை மடங்கு விசை வேண்டும். தடம் சமதளமானால் அத்தனையும் டயரின் பிடியிலிருந்தே வந்தாக வேண்டும். 1950-களின் டயரால் அது ஆகாது. 38 பாகை சாய்த்துவிட்டால் தடமே காரை உள்ளே தள்ளும்; டயர் தரவேண்டிய பிடியின் அளவான உராய்வுக் குணகம், சமதளத்தில் வேண்டிய ஒன்றரையிலிருந்து 0.34 ஆகக் குறைந்துவிடும். சுமார் 178 கி.மீ. வேகத்தில் டயருக்குப் பக்கவாட்டு வேலையே கிடையாது. கீழ்விளிம்பில் சாய்வு குறைவு, மேலே போகப் போக அதிகம். அதனால் மெதுவாகப் போகிறவர் கீழேயும் வேகமாகப் போகிறவர் மேலேயும் ஓட்டலாம்.

பக்கவாட்டில் மிச்சமான விசை எங்கும் போய்விடவில்லை. அது காரைத் தடத்தோடு சேர்த்து அழுத்துகிறது. 250-இல் எடையைப் போல் 1.7 மடங்கு, 280-இல் ஏறத்தாழ 2 மடங்கு. 700 கிலோ கார் 1400 கிலோவாகக் கனக்கும். ஸ்பிரிங் அடிவரை அமுங்கிய நிலையில் கான்கிரீட்டின் மேடுபள்ளங்களில் ஏறினால், அதிர்ச்சியை வாங்க மிச்சம் எதுவுமில்லை. இடி நேராக ஸ்டியரிங் இணைப்புகளுக்கும் சட்டத்துக்கும் போகும். கடினமான ஸ்பிரிங் போடலாமே என்றால், அதே சுற்றில் சாதாரண வளைவுகளும் உண்டு, அங்கே பிடிமானம் கெடும். சாலைப் பகுதியும் சாய்தடமும் சேர்ந்து ஒரு சுற்று 10 கி.மீ. என்பதால் இரண்டுக்கும் ஒரே அமைப்போடுதான் ஓடியாக வேண்டும்.

டயரின் கதி இன்னும் மோசம். இரட்டைச் சுமையில் ஒவ்வொரு சுழற்சியிலும் நசுங்கி நிமிரும்போது ரப்பர் உள்ளே சூடேறும். வேகமோ மேற்பட்டையை வெளியே இழுக்கும். ஒட்டு தளர்ந்ததும் பட்டை உரிந்து பறக்கும். 1955 கிராண்ட் பிரீ (ஃபார்முலா 1 போட்டி) பயிற்சியில் ஓட்டுநர் ஃபரீனாவின் லான்சியா காருக்கு நடந்தது அதுதான். லான்சியா கார்களைப் போட்டியிலிருந்தே விலக்கினார்கள். 1956 போட்டியில் முன்னணியில் பறந்த ஓட்டுநர்கள் கஸ்தெலோத்தி, மூஸோ இருவரும் சில சுற்றுகளிலேயே டயரை இழந்தார்கள். இன்னொரு ஓட்டுநர் ஃபாஞ்சியோவின் காரில் ஸ்டியரிங் இணைப்புக் கம்பி முறிந்தது. வென்றவர் ஸ்டிர்லிங் மாஸ்.

சாய்தடத்தில் மட்டும் 1957-லும் 1958-லும் அமெரிக்கக் கார்களோடு போட்டி நடந்தது. 1958-இல் தகுதிச் சுற்றில் மூஸோவின் சராசரியே 280 கி.மீ.! 1960 கிராண்ட் பிரீக்கு இந்தத் தடம் ஆபத்தானது என்று பிரிட்டிஷ் அணிகள் வரவே இல்லை. ஃபெராரி சுலபமாக வென்றது. 1961-இல் ஃபெராரி ஓட்டுநர் ஃபான் டிரிப்ஸும் பார்வையாளர்கள் பலரும் இறந்த விபத்து, பலர் நினைப்பதுபோல் சாய்வில் நடக்கவில்லை, பராபோலிகா வளைவை நெருங்கும் இடத்தில் நடந்தது. ஆனாலும் கிராண்ட் பிரீ அதன்பின் சாய்வுக்குத் திரும்பவில்லை. 1,000 கி.மீ. போட்டிக்காரர்கள் மட்டும், வேகத்தைக் குறைக்க முன்னால் சிக்கேன்கள் (குறுகிய வளைவுத் தடுப்புகள்) வைத்து, 1969 வரை ஓட்டினார்கள்.

இன்றைய ஃபார்முலா 1 கார்கள் லெஸ்மோ வளைவுகளைத் தாண்டியதும் அந்தப் பழைய தடத்தின் பாலத்துக்கு அடியில் புகுந்து போகின்றன.