விரதம், இனிப்பு நீர் மாத்திரை, வியர்வை

தைப்பூசம் நெருங்கினால் பினாங்கில் எங்கள் மருந்தகத்துக்கு வருபவர்கள் தவறாமல் கேட்பது இது: "ஒரு வேளைதான் சாப்பிடுறேன், இனிப்பு நீர் மாத்திரையை எப்பப் போடுறது?"

இனிப்பு நீருக்கு, அதாவது நீரிழிவுக்கு, எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை அபாயமாக இறங்குவது அரிது. கிளிக்லசைடு வேறு ரகம். கணையத்தின் பீட்டா செல்கள், இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதை உணர்ந்து இன்சுலினை வெளியிடுபவை. இந்த மாத்திரை அந்தச் செல்களின் பொட்டாசிய வாயிலை நேரடியாக மூடி, இன்சுலினை வெளியே விடவைக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா, பட்டினியா என்று அது பார்க்காது. இன்சுலின் சுரந்துகொண்டே இருக்கும்.

சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே போகும்போது உடல் சும்மா இருக்காது. கணையம் குளுக்ககான் என்ற ஹார்மோனையும், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி அட்ரீனலினையும் இரத்தத்தில் விடும். தண்ணீர்மலை முருகன் கோயிலில் ஒலிபெருக்கியில் ஒருவர் பெயரைச் சொல்லி அழைப்பார்களே, அப்படித்தான். கூட்டம் முழுவதும் கேட்கும், பெயருக்கு உரியவர்தான் எழுந்து ஓடுவார். அட்ரீனலினும் எல்லாச் செல்களையும் கடந்து போகும். அதற்கான ஏற்பி, அதாவது சேதியை வாங்கும் புரதம், உள்ள செல்தான் செயல்படும். சேதி ஒன்று, வேலை வேறு வேறு. இதயச் செல் வேகமாகத் துடிக்கிறது, தசை நடுங்குகிறது, கல்லீரல் செல் சேமித்த கிளைக்கோஜனை உடைத்துச் சர்க்கரையை வெளியே விடுகிறது. அட்ரீனலின் கல்லீரல் செல்லுக்குள் நுழைவதே இல்லை. வெளியே ஏற்பியில் ஒட்ட, உள்ளே சுழல் ஏஎம்பி என்ற இரண்டாவது தூதர் உருவாகிச் சேதியைக் கொண்டுபோகிறது. இதைக் கண்டறிந்த ஏர்ல் சதர்லாந்துக்கு 1971-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி, நான் சொல்ல வந்த விஷயம். படபடப்பும் கைநடுக்கமும்தான் சர்க்கரை இறங்குவதற்கான எச்சரிக்கை என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். "கை நடுங்கவே இல்லையே தம்பி, அப்போ சர்க்கரை குறையலதானே?" என்று கேட்ட அம்மா ஒருவர் இதயத்துக்கு பீட்டா தடுப்பான் சாப்பிடுபவர். அந்த மருந்து அட்ரீனலினுக்கு முன்பே ஏற்பியில் உட்கார்ந்துகொள்கிறது. அறிவிப்பு வருகிறது, கேட்கத்தான் ஆள் இல்லை. பீட்டா தடுப்பான்களில் புரோப்ரனலால் நடுக்கம், படபடப்பு இரண்டையும் மறைக்கும். பைசோபிரலால், மெட்டோபிரலால் பெரும்பாலும் இதயத்தில் வேலை செய்வதால் படபடப்பை அடக்கும்.

ஆனால் வியர்வை மறையாது. வியர்வைச் சுரப்பிக்கு நரம்பு அனுப்பும் ரசாயனம் அசிட்டைல்கோலின். பீட்டா தடுப்பானுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆகவே விரத நாளில் காரணமில்லாமல் சட்டை நனைந்தால், வெயில் என்று விட்டுவிடாமல் உடனே விரலில் குத்திப் பாருங்கள். சர்க்கரை 4-க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பீட்டா தடுப்பானைப் பயந்துபோய் நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் இதயத்துக்கு ஆபத்து. விரதம் தொடங்கும் முன்பே எல்லா மருந்துகளையும் பையோடு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள். கிளிக்லசைடு, இன்சுலின் அளவை மாற்ற வேண்டுமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று: மயங்கிக் கிடப்பவர் வாயில் சீனித் தண்ணீரை ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 999-ஐ அழையுங்கள்.