எஃகுத் தகட்டில் முகங்கள்: தாமஸ் லப்டனின் கைவேலை

ஒளிப்படக் கலை பிறப்பதற்கு முன்பு அச்சான ஆங்கிலேய உருவப்படங்கள் சிலவற்றில் கோடுகளே தென்படாமல், இருள் மெல்லக் கரைந்து கன்னமாகவும் நெற்றியாகவும் மாறுவது எப்படி என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அவை மெசோடிண்ட் எனப்படும் முறையில் அச்சிடப்பட்டவை. 1642இல் லுட்விக் ஃபான் சீகன் என்ற ஜெர்மானியர் தொடங்கிய இம்முறை, அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தில்தான் செழித்தது. அதைச் செம்புத் தகட்டிலிருந்து எஃகுத் தகட்டுக்குக் கொண்டுசென்றவர்களில் முதன்மையானவர் தாமஸ் லப்டன். பொற்கொல்லர் ஒருவரின் மகனாக 1791இல் லண்டன் கிளர்கன்வெல் பகுதியில் பிறந்த அவர், ஓவியரும் செதுக்குநருமான ஜார்ஜ் கிளின்ட்டிடம் தொழில் பயின்றார்.

மற்றச் செதுக்குநர்கள் வெண்மையில் தொடங்கிக் கருமையைச் சேர்ப்பார்கள். மெசோடிண்ட்காரர் முழு இருளில் தொடங்குவார். வளைந்த விளிம்பில் நுண்ணிய பற்கள் கொண்ட கருவியைத் தகட்டின் மேல் அழுத்தி, முன்னும் பின்னுமாக அசைத்தபடியே பல திசைகளில் திரும்பத் திரும்ப ஓட்டுவார். ஒவ்வொரு பல்லும் ஒரு குழியைப் பறிக்கிறது. ஏர் உழுத சாலின் ஓரத்தில் மண் எழுவதுபோல, பறிபட்ட உலோகம் குழியின் விளிம்பில் பிசிறாக எழுந்து நிற்கிறது. மையைப் பெரிதும் பிடித்து வைப்பது இந்தப் பிசிறுதான். அந்த நிலையில் அச்சிட்டால் தாள் முழுக்க ஒரே கருமை. பிறகு பிசிறைச் சுரண்டிக் குறைத்தால் சாம்பல் நிறம் வரும். தேய்த்து மெருகேற்றினால் மை தங்க இடமின்றி வெண்மை வரும். மூக்கின் நுனியில் விழும் ஒளி, உலோகத்தை அகற்றிய அளவன்றி வேறில்லை.

இத்தனை அழகும் மயிரிழை மெல்லிய பிசிறை நம்பியிருக்கிறது என்பதே தொல்லை. ஒவ்வொரு முறையும் மையைத் துணியால் துடைத்து, உருளைகளுக்கிடையே நசுக்கும்போது செம்பின் பிசிறு மடிந்துவிடும்; நூறு, இருநூறு அச்சுப்படிகளுக்குள் படம் வெளிறத் தொடங்கும்.

லப்டன் நிக்கலையும், சீனத்திலிருந்து வந்த டூட்டநாக் என்ற கலப்பு உலோகத்தையும் சோதித்துவிட்டு எஃகுக்கு வந்தார். அதற்கு முன்பே வில்லியம் சே என்ற செதுக்குநர் 1820இல் இங்கிலாந்தின் கரோலின் அரசியின் சிறு உருவத்தை எஃகில் செதுக்கியிருந்தார். ஆனால் கடின எஃகில் கருவி எளிதில் இறங்காது. இரும்பணுக்களின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவதைக் கரிமம் தடுப்பதே காரணம். அந்தக் கரிமத்தைக் குறைக்கும் வழியை, அமெரிக்காவிலிருந்து 1819இல் இங்கிலாந்து வந்த ஜேக்கப் பெர்க்கின்ஸ் பணத்தாள் அச்சுக்காகக் கையாண்டுவந்தார். எஃகை இரும்புத் தூளுக்குள் புதைத்து நெடுநேரம் காய்ச்சினால், மேற்பரப்பின் கரிமம் வெளியேறி உலோகம் மென்மையாகும். மென்மையான பின்னும் அது செம்பைவிட உறுதியானது.

நடிகர் மண்டனைக் கிளின்ட் தீட்டிய ஓவியத்தை லப்டன் மென்மையான எஃகில் செதுக்கினார். அதிலிருந்து 1,500 படிகள் எடுக்க முடிந்தது. கலைகளையும் தொழில்களையும் ஊக்குவித்த லண்டன் சங்கமான சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் 1822இல் அவருக்கு ஐசிஸ் பதக்கம் வழங்கியது. பட்டறையில் கைகறுக்க உழைத்தவரின் சோதனையை ஓர் அறிவுச் சங்கம் மதித்துப் பரிசளித்த அந்த வழக்கம் நம் ஆய்வு நிதிக் குழுக்களுக்கும் வரவேண்டும் என்பது என் விருப்பம்.

ஆயினும் எஃகின் பிசிறு குட்டையானது; செம்பு தரும் அடர்ந்த கருமை அதில் கிட்டாது, படம் சற்றுக் குளிர்ந்தே தோன்றும். ஓவியர் டர்னரின் இங்கிலாந்து ஆறுகள் வரிசைக்காக லப்டனும் பிறரும் 1823 முதல் செதுக்கிய எஃகுத் தகடுகளில் மூட்டமும் ஈர வானமும் அந்தக் குளிர்ச்சியோடு பொருந்திப்போயின. முகங்களுக்கோ நான் செம்பையே தேர்வேன். 1850களின் பிற்பகுதியில் செம்புத் தகட்டின் மேல் மின்முலாமாக மெல்லிய இரும்புப் படலத்தை ஏற்றும் முறை வந்தது. செம்பின் ஆழமும் இரும்பின் ஆயுளும் ஒரே தகட்டில் கிடைத்த பிறகு, முழு எஃகோடு மல்லுக்கட்டும் தேவை பெரிதும் குறைந்தது.